புளியறைக் காற்றும் தேரி மணலும்: ஒரு நாள் ஜீப் பயணக் குறிப்பு

தமிழ்நாட்டில் செம்மணல் பாலைவனம் இருக்குன்னு சொன்னா, தென்மாவட்டத்துக்காரங்களைத் தவிர மத்தவங்க பெரும்பாலும் நம்ப மாட்டாங்க. சினிமாவில் பார்த்திருப்பாங்க. ஆனா அதை ராஜஸ்தான்னு நினைச்சிருப்பாங்க. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி, நாசரேத் வட்டாரத்தில் பல ஆயிரம் ஏக்கருக்குப் பரவிக் கிடக்கும் அந்தச் செம்மணல் மேடுகளுக்குப் பேர் 'தேரி'. அதில் குதிரைமொழித் தேரிதான் பெரிய பேர் வாங்கினது.

இந்தக் கட்டுரை தேரியைப் பற்றினதுதான். ஆனா அதைப் புளியறையிலிருந்து ஆரம்பிக்கணும். காரணம், காற்று.

செங்கோட்டையைத் தாண்டிக் கேரளா போகிற சாலையில் தமிழ்நாட்டின் கடைசிப் பெரிய ஊர் புளியறை. தெற்கே அகத்தியமலைத் தொடர், வடக்கே பெரியாறு, ஏலமலைப் பக்கம். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை சட்டுன்னு தாழ்ந்து வழி விடுது. ஆரியங்காவு கணவாய், செங்கோட்டை இடைவெளின்னெல்லாம் சொல்வது இதைத்தான். பாலக்காட்டுக் கணவாய் மாதிரி அகலமெல்லாம் கிடையாது. சில கிலோமீட்டர்தான். ஆனா அந்தச் சில கிலோமீட்டர் பறவைகளையே பிரிச்சு வச்சிருக்கு. உச்சிச் சோலைகளில் வாழும் சோலைக்கிளியில் (கிளி இல்லை, சின்னப் பாட்டுப் பறவை) இடைவெளிக்குத் தெற்கே இருப்பது ஒரு இனம், வடக்கே இருப்பது வேற இனம். தாழ்வான சூட்டு நிலத்தைத் தாண்டி அதுங்க வராது.

மனுஷங்களும் காத்தும் மட்டும் தாராளமா வந்து போறாங்க. 1904-ல் கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் ரயில் இந்த வழியாகத்தான் ஓட ஆரம்பிச்சுது. பகவதிபுரம் தாண்டினதும் மலைக்குள்ள குகை, அப்புறம் தென்மலைப் பக்கம் பதிமூணு கண் பாலம். அகலப்பாதையாக்கி முழுசாத் திறந்தது 2018-ல். 1956 நவம்பர் 1 வரைக்கும் புளியறை, செங்கோட்டை எல்லாமே திருவிதாங்கூர்ப் பக்கம். மொழிவாரி மாநிலப் பிரிப்பில் செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தது, ஆரியங்காவு கேரளாவிலேயே நின்னுபோச்சு. இன்னைக்குப் புளியறை சோதனைச் சாவடியில் நின்னு பார்த்தா ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்தின லாரிகள் வரிசையா மேற்கே போகும். மேலே காத்து கிழக்கே வரும்.

(ஊர்ப் பேருக்கு ஒரு கதை உண்டு. தில்லை நடராஜரைக் கொண்டுவந்து ஒரு புளியமரப் பொந்தில் ஒளிச்சு வச்சதால 'புளி அறை'ன்னு தலபுராணம். இங்குள்ள சிவன் கோயிலுக்கு இப்போ தட்சிணாமூர்த்திக்காகத்தான் வியாழக்கிழமைகளில் கூட்டம்.)

ஜூன் மாசம் தென்மேற்குப் பருவம் தொடங்கினதும் இந்த வாசல் வழியா காத்து நுழையும். மழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சம் மீதி ஈரம் சாரலாக் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும். ஆலங்குளம் வரும்போது வெறும் காத்து. அங்கிருந்து கிழக்கே அது காஞ்ச நிலத்தின் மேல மூணு நாலு மாசம் விடாம வீசும். தென்காசி, சுரண்டை, கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலை நட்டது சும்மா இல்லை.

கணவாயிலிருந்து கடல் வரைக்கும் ஒரே நாளில், நிலம் எப்படி மாறுதுன்னு பார்த்துக்கொண்டே போகணும்ங்கறது ரொம்ப நாள் திட்டம். புளியறையிலிருந்து மணப்பாடு சுமார் 130–140 கிலோமீட்டர். போன ஜூலையில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஜீப் எடுத்தோம். தேரிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் வழிகாட்டியா வந்தார். பனையேறிக் குடும்பம். இப்போ தோட்டம் பார்க்கிறார். அவருக்கு நாங்க எல்லாரும் 'தம்பி', எங்களுக்கு அவர் 'அண்ணாச்சி'.

செங்கோட்டையில் பச்சை வயல். தென்காசி தாண்டினதும் வயல் குறையுது, செம்மண் கூடுது. ஆலங்குளம் பக்கம் மண் நல்லாச் சிவந்துவிடும். திருநெல்வேலியில் தாமிரபரணி குறுக்கே வந்ததும் மறுபடி பச்சை. ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வாழையும் நெல்லும். வலதுகைப் பக்கம் ஆதிச்சநல்லூர் பரம்பு. அங்கே நின்னா நாள் முடிஞ்சுபோகும்னு நிக்கல. அதுக்குத் தனிக் கட்டுரை வேணும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல்னு நாலையும் காலைச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில் பார்த்துவிடலாம். ஆனா தேரி எந்தத் திணையில் வரும்? பாலைன்னு சொல்லலாம். ஆனா தோண்டினா தண்ணி வரும் பாலை இது.

அதைச் சொல்லணும். தேரி மணல் மழையை அப்படியே குடிச்சிரும். மேலே ஓட விடாது. உள்ளே இறங்கின தண்ணி மேட்டுக்கு அடிவாரத்தில் ஊத்தா வரும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை அப்படிப்பட்டதுதான். மேடுகளுக்கு நடுவே தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் தண்ணி நிக்கும். அதுக்குத் 'தருவை'ன்னு பேர். புத்தன்தருவை, வைரவம் தருவைன்னு ஊர்ப் பேராகவே ஆகிவிட்டது.

தேரிக் குடியிருப்பு தாண்டி மண்பாதையில் இறங்கினதும் அண்ணாச்சி வண்டியை நிறுத்தச் சொல்லி நாலு டயரிலும் காத்தைப் பாதிக்கு இறக்க வச்சார். டயர் சப்பையா விரிஞ்சாத்தான் மணலில் புதையாது. அதுவும் பழைய தடத்தில் மட்டும்தான். "புதுத் தடம் போடக்கூடாது தம்பி. ஒருக்கா கீறிட்டா அந்த வழியாத்தான் காத்தும் போவும், தண்ணியும் போவும்" அப்படின்னார். காப்புக்காட்டு எல்லை வந்த இடத்தில் வண்டி நின்னுடுச்சு. மிச்சம் நடை.

அவர் சொன்னது கண்ணெதிரே தெரிஞ்சுது. மேட்டின் ஓரங்களில் மழைத்தண்ணி அறுத்த ஓடைப் பள்ளங்கள். சில இடத்தில் ஆள் உயரம், சில இடத்தில் ரெண்டு ஆள் உயரம். உள்ளே இறங்கி நடந்தா ரெண்டு பக்கமும் ரத்தச் சிவப்பில் செங்குத்துச் சுவர். அமெரிக்கப் பள்ளத்தாக்குப் படங்களை யாரோ சின்னதாக்கி வச்ச மாதிரி. சுவரைத் தொட்டா கெட்டியா இருக்கு. விரலால் சுரண்டினா பொலபொலன்னு கொட்டுது. ஒவ்வொரு மணல் துகளும் வெள்ளைக் குவார்ட்ஸ்தான். மேலே இரும்பு ஆக்சைடு மெலிசாப் பூசியிருக்கு. அதான் சிவப்பு.

இந்த மணல் எங்கிருந்து வந்ததுங்கறதில் ரெண்டு கட்சி இருக்கு. மலையடிவாரச் செம்மண்ணைத் தென்மேற்குக் காத்து வாரி வந்து குவிச்சதுன்னு ஒரு பழைய கருத்து. புளியறையிலிருந்து வர்றவனுக்கு அதை நம்பத்தான் தோணும். வழி நெடுக அதே காத்து, அதே சிவப்பு. இன்னொரு கட்சி சொல்றது: மணல் கடலோரத்தைச் சேர்ந்தது, சிவப்பு பிறகு வந்தது. பனியுகத்தில் கடல் 120 மீட்டர் வரை இறங்கியிருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமில்லாத அடித்தரை வெயிலில் காஞ்சு கிடந்தது. அந்த மணலைத்தான் காத்து அள்ளிப்போட்டது. தேரி மணலில் இல்மனைட், கார்னெட் மாதிரி கனத் தாதுக்கள் இருக்கு. கடற்கரையிலும் அதுங்களே கறுப்பும் சிவப்பும் கோடுகளாக் கிடக்கு. எனக்கு ரெண்டாவது கட்சி பக்கம்தான் சாய்வு. ஆனா மணலை நகர்த்தி மேடாக்கின வேலையில் கணவாய்க் காத்துக்குப் பெரிய பங்கு இருக்கணும்.

இனி கற்கள் விஷயம். நான் தேரிக்குப் போனதே இதுக்காகத்தான்.

தேரி மணலில் கல் கிடையாது. ஒரு கூழாங்கல் கூட இருக்காது. அதனால அங்கே ஒரு கல் கிடந்தா, அது யாரோ கொண்டுவந்தது. இவ்வளவு சுத்தமான தடயம் தொல்லியலில் அபூர்வம். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், நிலவியல் அளவைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலும் சுத்தினவர். மதுரை, திருநெல்வேலி மாவட்ட நிலவியல் பற்றின அவர் அறிக்கை 1883-ல் வந்தது. சாயர்புரம் தேரியில் சின்னச் சின்னக் கற்கருவிகளை அவர் பொறுக்கியிருந்தார். அப்புறம் லண்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் சாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் இந்தத் தேரிகளை ஒட்டுமொத்தமா எடுத்துக்கொண்டு 1956-ல் 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் நீண்ட கட்டுரை எழுதினாங்க. மெய்ஞ்ஞானபுரம், குட்டம்புளி, சாயர்புரம், கூத்தங்குழி, புத்தன்தருவைன்னு நம்ம பஸ் போர்டில் பார்க்கிற பேரெல்லாம் அதில் தொல்லியல் தளங்கள்.

கருவிகள் ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான். செர்ட், குவார்ட்ஸ். பிறை வடிவம், முக்கோணம், அம்பு முனை, சுரண்டி. மரத்திலோ எலும்பிலோ பிசின் வச்சு ஒட்டிப் பயன்படுத்துவது. சாய்னர் கவனிச்ச முக்கியமான விஷயம், பல கருவிகளிலும் தேரியின் சிவப்பு ஏறியிருந்தது. அதாவது மணல் சிவக்கிறதுக்கு முன்னாடியே அந்த ஆட்கள் இங்கே இருந்திருக்காங்க. பழைய கடல் மட்டத்தை வச்சு அவர் போட்ட கணக்கு சுமார் கி.மு. 4000. இந்த நூற்றாண்டில் மணலையே நேரடியா ஒளிர்வு முறையில் தேதி பார்த்தாங்க. துகள் கடைசியா எப்போ வெயில் பார்த்ததுன்னு அளக்கும் முறை அது. தேரி மணல் படிஞ்ச காலம் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,600 ஆண்டுகளுக்கு முன்புவரைன்னு வந்தது. கையில் வெறும் கடல்மட்டக் கணக்கை வச்சுக்கிட்டு சாய்னர் சொன்னது அந்த எல்லைக்குள்ளேயே விழுது.

அன்னைக்கு ஒரு ஓடைப் பள்ளத்தின் வாயில் நகம் அளவு குவார்ட்ஸ் சில்லு ஒண்ணு பார்த்தோம். கூட வந்த நண்பர் எடுக்கக் குனிஞ்சார். வேணாம்னேன். படம் எடுத்து, இடத்தைக் குறிச்சுக்கிட்டு, அப்படியே விட்டுட்டு வந்தோம். என் தொழிலில் நேர முத்திரை இல்லாத லாக் ஃபைல் குப்பைக்குச் சமம். கிடந்த இடத்திலிருந்து பிரிச்ச கல்லும் அப்படித்தான். எந்த மட்டத்தில், எந்த மண்ணில், பக்கத்தில் என்னென்ன கிடந்ததுங்கறதுதான் தகவல்.

இதை ஏன் வலியுறுத்தறேன்னா, 'தேரி ஆஃப்-ரோடு' வீடியோக்கள் கூடிக்கிட்டே வருது. மேட்டுச்சரிவில் வண்டியை ஏத்தி இறக்கி மணலைச் சிதறடிச்சு எடுக்கற படங்கள். தேரியில் கருவிகள் பல இடத்தில் மேற்பரப்பிலேயே கிடக்கு. நாலு டயர் ஒரு தடவை ஏறினா ஏழெட்டாயிரம் வருஷ அடுக்கு கலைஞ்சுபோகும். சுவர் போட்ட கோட்டைன்னா ஏறக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். மணல் மேடு நினைவுச்சின்னம் மாதிரி தெரியாது, அதான் சிக்கல். வழிகாட்டியோட பழைய தடத்தில் போய், இறங்கி நடந்து பார்க்கறதில் தப்பே இல்லை. உள்ளூர்க்காரருக்கும் ஒரு நாள் வருமானம்.

தேரி ஒரேயடியா ஆளில்லாத இடமும் இல்லை. பனை, கொல்லாமரம், குடை விரிச்ச மாதிரி உடைமரம் எல்லாம் மணலைப் பிடிச்சு நிக்குது. நகர்கிற மணல் வயலையும் ஊரையும் மூடாமல் இருக்க நட்டு வளர்த்ததில் இன்னைக்கு நாம பார்க்கிற தேரி பாதி அடங்கின தேரி. உடன்குடிக் கருப்பட்டிக்கு இந்த மண்ணின் பனைதான் ஆதாரம். தேரிக் குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா முடிஞ்சதும் ஜனங்க தேரி மண்ணை முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரமா வைப்பாங்க. கணவாயில் ஆரியங்காவு சாஸ்தா, இங்கே கற்குவேல் அய்யனார். காத்து ஒரு சாஸ்தாகிட்டயிருந்து கிளம்பி இன்னொரு சாஸ்தாகிட்ட வந்து மணலை இறக்குதுன்னு அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். "அப்படித்தான் இருக்கும்"னு சிரிக்காமச் சொன்னார்.

கடைசியா மணப்பாடு. கடலுக்குள் மூக்கு நீட்டின மாதிரி ஒரு மணற்குன்று, அதன் உச்சியில் 1581-ல் கட்டின திருச்சிலுவை ஆலயம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கினதாச் சொல்ற குகை கீழே. இங்கே மணல் சிவப்பு இல்லை. சிப்பிச் சுண்ணாம்பு கலந்து பாறையா இறுகின வெளிர் மணல். அலை விளிம்பில் கறுப்புக் கோடுகள், கனத் தாதுக்கள். இந்தத் தாது மணலை அள்ளுறதுக்குத்தான் 2013-ல் தமிழ்நாடு அரசு தடை போட்டது.

சாய்னரும் ஆல்சினும் தேரிக் கருவிகளில் சில முனைகளுக்கு இலங்கையின் கருவிகளோடு ஒற்றுமை பார்த்தாங்க. மணப்பாட்டில் நின்னா எதிரே வெறும் கடல். ஆனா சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வடக்கே பாக் நீரிணைப் பக்கம் நடந்தே போகலாம். இலங்கையின் ஃபாகியன் குகையில் நுண்கருவிகள் 48,000 ஆண்டுகள் வரை பின்னுக்குப் போகுது. அங்கே அவங்க மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடினவங்க. தேரிக்காரங்க கடலோரத்தில் மீனும் சிப்பியுமா இருந்திருக்கணும்னு ஊகம். தேரியில் எலும்பு தங்குவதில்லை, மண் தின்னுடும். புளியறைப் பக்க மலைக் குகைகளில் யாராவது ஒழுங்காத் தேடினா அந்தக் காலத்து எலும்பு கிடைக்குமா? அகழாய்வு செய்யற நண்பர்கள் யாராவது படிச்சா, எழுதுங்க.