மார்கரீட் டெய்சி

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பூப்புதர். தாவரவியல் பெயர் ஆர்ஜிராந்திமம் ஃப்ரூட்டெசன்ஸ். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் உள்ள கேனரித் தீவுகளே இதன் தாயகம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதைச் சாமந்திப் பேரினத்தில் சேர்த்தார். பின்னாளில் ஆர்ஜிராந்திமம் தனிப் பேரினமாயிற்று. இதன் அடித்தண்டு நாளடைவில் கட்டையாகி முற்றும்.

செடி ஏறத்தாழ 1 மீட்டர் வரை வளரும். இலைகள் ஆழமாகப் பிளவுபட்டவை. நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம்: நடுவில் மஞ்சள் வட்டுப்பூக்கள், சுற்றிலும் வெள்ளைக் கதிர்ப்பூக்கள். தோட்ட வகைகளில் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் உண்டு. 'ஜமைக்கா பிரிம்ரோஸ்' வெளிர்மஞ்சள் வகை. 'வான்கூவர்' இளஞ்சிவப்பு அடுக்குப்பூ.

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இன்றியமையாதவை. உறைபனியைத் தாங்காது, ஆகவே குளிர்நாடுகளில் தொட்டியில் வளர்த்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்து வைக்கிறார்கள். இளங்கொழுந்தைக் கிள்ளிவிட்டால் செடி பக்கக்கிளை விட்டு அடர்த்தியாகும். வாடிய பூக்களைக் காம்போடு நறுக்கினால் புதுமொட்டுகள் தொடர்ந்து வரும். பழைய கட்டைத்தண்டு வரை வெட்டுவது தவறு. அங்கிருந்து எளிதில் துளிர்க்காது.

கலப்பின வகைகளின் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வருவதில்லை. எனவே பூக்காத இளந்தண்டை நறுக்கி மணலில் ஊன்றி வேர்பிடிக்க வைப்பதே சிறந்த முறை. சில ஆண்டுகளில் செடி கம்பு கம்பாக நிற்கும். அதற்குள் புதுச்செடிகளைத் தயார் செய்துகொள்ளுங்கள்.