நிலத்தோடு பூட்டிய மெசின்



வோஷிங் மெசின் துணி பிழியும்போது வீடே அதிர்கிறது, மெசின் இடம்விட்டு நகர்ந்து வருகிறது என்று சோனகத் தெருப் பக்கம் அடிக்கடி கேட்கிறோம். இது பழைய வியாதி.

1937 இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டுப் பாவனைக்கென முன்கதவுத் தானியங்கி மெசினை விற்பனைக்கு விட்டது. தோய்ப்பது, அலசுவது, பிழிவது எல்லாம் அதுவே. அதிர்வைத் தாங்கும் ஏற்பாடுதான் இல்லை. ஆகவே நிலத்தில் துளை போட்டு போல்டால் இறுக்கி வைத்தார்கள். வாடகை வீட்டுக்காரர் என்ன செய்தாரோ! பிற்பாடுதான் தொட்டியை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, கீழே ஷொக் அப்சோபர் வைத்து, பாரத்துக்குக் கொங்கிறீட் கட்டியும் பூட்டினார்கள். ஆம், உங்கள் மெசினுக்குள்ளும் கொங்கிறீட் இருக்கலாம்.

அவ்வளவு பாரம் எதற்கு? நிமிடத்துக்கு 1200 சுற்றுச் சுழலும் டிரம்மில் அரைக் கிலோ ஈரத்துணி ஒரு பக்கம் ஒதுங்கினால், ஏறக்குறைய 200 கிலோ பாரத்தின் இழுவை உண்டாகும். ஒற்றைப் போர்வையைத் தனியே போட்டுவிட்டு மெசினைத் திட்டுவதில் நியாயமில்லை.

எங்கள் ஊருக்கு இந்த மெசின் பரவலாக வந்தது பிந்தித்தான். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் கரண்ட் இல்லாமற்போனது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, சீமெந்து எதுவும் சீராக வரவில்லை. இங்கிருந்த அயலவர்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். திருத்துவது அவர்களுக்கு அன்றாட வேலையானது.

அந்த வருடங்களில் நாம் இங்கில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று புலிகள் எங்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். இரும்புக் கடை, தகர வேலை, தையல் என்று கைத்தொழிலில் வாழ்ந்தவர்கள் ஆயுதப் பெட்டியைக்கூட விட்டுப் போனார்கள். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களுக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு, வாப்பாவின் பக்கத்தில் நின்று ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும் பட்டறை இருக்கவில்லை. வீடுகளையாவது திரும்பக் கட்டுகிறோம். அறுந்த அந்தக் கைப்பழக்கம்தான் எங்களுக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. இன்று மெசின் ஆடினால் உடனே பழைய இரும்புக்காரரைத் தேடுகிறோம்.

அதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு மெசினின் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால், ஆடுகிற காலை ஸ்பனரால் திருகி நிலத்தில் முட்டவைத்து, மேல் நட்டை இறுக்குங்கள். பலகைத்துண்டு செருக வேண்டாம், அது வழுக்கும். முன்கதவு மெசின் புதிதாக வந்த நாள் முதலே குதிக்கிறதென்றால் பின்பக்கம் பாருங்கள். ஏற்றி இறக்கும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட நீண்ட போல்ட்டுகள் கழற்றப்படாமல் இருக்கும். கதவைத் திறந்து டிரம்மைக் கீழே அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. தொடர்ந்து ஊஞ்சலாடினால் ஷொக் அப்சோபர் முடிந்துவிட்டது, சோடியாக மாற்ற வேண்டும்.

கிலுகிலு சத்தம் என்றால் அநேகமாகப் பம்ப் வடியில் சில்லறைக் காசு. கையால் சுற்றும்போதே டிரம் கரகரவென்று உறுமினால் பெயரிங் போய்விட்டது. அதற்கு முழு மெசினையும் பிரிக்க வேண்டும். அதை பாஸிடம் கொடுங்கள், கொடுத்துவிட்டு உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவிடுங்கள்.