தீவுகளின் மேல் ஒரு ஹெலிகாப்டர்

சென்ற கோடை விடுமுறையில் கம்பைநல்லூர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, சிறுவயதில் ஆடிய வீடியோ கேம் பெட்டி கிடைத்தது. கூடவே மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. அதன் மேலட்டையில் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தது; உண்மையில் இருந்தவை இருபதுக்குச் சற்று மேல். அவையே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். புதிய தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் படம் சரியாக வரவில்லை. 2006-க்குப் பின் தமிழக அரசு வீடுதோறும் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஒன்று மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தூசி படிந்து கிடந்தது. அதில் இணைத்ததும் பெட்டி உயிர்பெற்றது.

மரியோவையும் கான்ட்ராவையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அந்தப் பட்டியலில் நாங்கள் வெறுத்து ஒதுக்கிய ஒன்றைப் பற்றி: 'ரெய்டு ஆன் பங்கலிங் பே'. அந்தப் பெயரை எங்களில் யாரும் சரியாக உச்சரித்ததில்லை. ஒரு ஹெலிகாப்டர், கடல், சில சாம்பல் நிறத் தீவுகள், சுடும் பீரங்கிகள். தொண்ணூறுகளில் தருமபுரி மாவட்டத்துச் சிறுவர்களுக்கு ஹெலிகாப்டர் எதைத் தேடிப் பறக்கும் என்பதில் ஐயமே இல்லை; அதை 'வீரப்பன் கேம்' என்றே அழைத்தோம். காட்டுக்குப் பதிலாக ஏன் கடல் இருக்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் சுட்டு வீழ்த்தப்பட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவோம்.

நாற்பதை நெருங்கும் வயதில் அதே ஆட்டத்தைப் பொறுமையாக ஆடிப் பார்த்தபோது அதன் குறைகள் முன்னிலும் தெளிவாகத் தெரிந்தன. இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டர் இடப்பக்கம் நகர்வதில்லை, நின்ற இடத்தில் திரும்புகிறது. எங்கே இருக்கிறோம் என்று காட்ட வரைபடம் கிடையாது. ஒரே திசையில் பறந்துகொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். குண்டுகள் ஒன்பதுதான், தீர்ந்தால் தாய்க்கப்பலைத் தேடிப் போக வேண்டும். சலிப்பூட்டும் விசிறி ஓசை வேறு.

ஆனால் மூன்றாம் நாளில் ஒன்றைக் கவனித்தேன். நான் எதுவும் செய்யாமல் கடல்மேல் வட்டமிட்டபோதும் தீவுகளில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. சிறு படகுகள் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கேற்றிப் போயின. ஆறு ஆலைகள் அந்தச் சரக்கை உண்டு வளர்ந்தன. நேரம் செல்லச்செல்ல வெறும் பீரங்கி இருந்த இடத்தில் போர் விமானங்கள் வந்தன, பிறகு ஏவுகணைகள். படகுகளை மூழ்கடித்தால் இந்த வளர்ச்சி மட்டுப்படுகிறது. இது சுடும் ஆட்டமல்ல, ஒரு பொருளாதாரம். அக்காலத்து ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் எதிரி நம் வருகைக்காகக் காத்து நிற்பான். இதில் அவனுக்குச் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவ்வளவையும் செய்துவிட்டு, ஆடுபவன் அதைக் காண ஒரு சாளரம்கூட வைக்காமல் விட்டதுதான் இந்த ஆட்டத்தின் பெருங்குறை என்பது என் எண்ணம்.

இதை உருவாக்கியவர் வில் ரைட். 1984-ல் கமடோர் 64 கணினிக்காக ப்ரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட இதுவே அவரது முதல் ஆட்டம். தீவுகளை வரைவதற்காகத் தனியாக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டார். சாலை போடுவதும் கட்டடம் வைப்பதும் குண்டு போடுவதைவிட மகிழ்ச்சி தருகின்றன என்று அப்போது கண்டுகொண்டதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். நகரங்களின் வளர்ச்சியைக் கணித மாதிரியாக்கிய ஜே ஃபாரஸ்டரின் நூலையும் படித்தார். 1989-ல் வெளிவந்த சிம்சிட்டி இப்படிப் பிறந்ததுதான். வெற்றியும் தோல்வியும் இல்லாத ஆட்டத்தை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் முதலில் தயங்கினார்கள். 2008-ல் அதன் மூல நிரல் 'மைக்ரோபோலிஸ்' என்ற பழைய பெயரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

எங்கள் ஊருக்கு அது வந்த வழிதான் எனக்கு அதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் கமடோர் வட்டுகளைப் படியெடுப்பது எளிது; எனவே அங்கே விற்பனை குறைவு. 1985-ல் ஹட்சன் நிறுவனம் ஜப்பானின் ஃபேமிகாம் பெட்டிக்காக அதைக் கேசட்டாக வெளியிட்டது. கேசட்டைப் படியெடுப்பது கடினம் என்பதால் ஜப்பானில் பன்மடங்கு விற்றதாக ரைட் கூறியிருக்கிறார். அவர் அறியாதது, அல்லது அறிந்தும் பொருட்படுத்தாதது, அந்தக் கேசட்டும் பிறகு படியெடுக்கப்பட்டது என்பதை. தைவானிலும் சீனாவிலும் செய்த போலிப் பெட்டிகளோடு, ஒரே பலகையில் இருபது ஆட்டங்களாகச் சுருங்கி, அது மொரப்பூர்ச் சாலைக் கடைவரை வந்து சேர்ந்தது. வழியில் எங்கோ விளக்கக் கையேடு உதிர்ந்தது. ஆக்கியோன் பெயரும் உதிர்ந்தது. உரையும் பாயிரமும் இழந்த ஏட்டுச்சுவடி கையில் கிடைத்தால் எப்படியோ, அப்படித்தான் இந்தக் கேசட் எங்களுக்கு இருந்தது. மூலத்தை வாசிக்கத் தெரியாமல் மூலம் மோசம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டோம். திருட்டுப் பிரதியை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அது இல்லையென்றால் இந்த ஊரில் அந்தத் தீவுகளை எவரும் பார்த்திருக்க முடியாது.

ஒரு வாரம் ஆடியும் ஆறில் நான்கு ஆலைகளைத்தான் அழிக்க முடிந்தது. அதிலும் ஒரு தயக்கம் வந்துவிட்டது. யாரோ உழைத்துக் கட்டிய தீவு. படகுகள் நேரம் தவறாமல் போய்வருகின்றன. பங்கலிங் பேரரசு என்ன தீங்கு செய்தது என்று ஆட்டத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. எங்கள் சிறுவயதில் அந்த இடைவெளியை நிரப்ப ஒரு பெயர் தயாராக இருந்தது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அந்தக் கதையும் முடிந்துவிட்டது.

அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ரிமோட்டை எடுத்து ஏதோ அழுத்தியவன், "மாமா, அந்த பீரங்கி நான் சொல்றபடி திரும்புது பாருங்க" என்றான். இரண்டாம் ஆட்டக்காரர் எதிரியின் பக்கம் நின்று சுடலாம் என்பது இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. மறு நொடியில் என் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது.