சிப்பியை அழுகவைத்தது ஏன்?: மன்னார் முத்துக்குளிப்பு பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

மன்னார்க் கடலின் முத்தைப் பற்றிய எழுத்துகளுட் பெரும்பாலானவை அதன் ஒளியையும் விலையையுமே பேசுவன. முத்தைச் சிப்பியிலிருந்து எவ்வாறு பிரித்தெடுத்தனர் என்னும் எளிய வினா அருகியே எழுப்பப்படுகிறது. கத்தியாற் பிளந்து பார்க்கக்கூடிய சிப்பிகளைச் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிற் குவித்து, நாட்கணக்கில் அழுகவிட்டமைக்குக் காரணம் யாது? இவ்வினா முத்துத் தொழிலின் சமூக அமைப்பையே நமக்குத் திறந்து காட்டுவதாகும்.

முதற் காரணம் இயற்கை சார்ந்தது. மழைத்துளி சிப்பியினுள் வீழ்ந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில், ஓட்டினைச் சுரக்கும் மேலுறையின் உயிரணுக்கள், காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ இடம்பெயர்ந்து தசையினுட் பையாக அமைந்து, படலம் படலமாகச் சுரப்பதே முத்தாகிறது. 1902இல் இக்கடலை ஆராய்ந்த ஹெர்ட்மன் நாடாப்புழுவின் இளம்பருவமே முத்தின் கரு எனக் கருதினார்; பிற்கால ஆய்வு அதனைப் பொதுவிதியாக ஏற்கவில்லை. எவ்வாறாயினும் முத்துத் தசையினுட் புதைந்து கிடப்பது. பல சிப்பிகளில் முத்தே இராது; கிடைப்பனவற்றுள்ளும் பெரும்பாலானவை மிகச் சிறியன. கத்திமுனையில் இவை தவறிவிடும். ஈப்புழுக்கள் தசையை உண்டபின், எஞ்சியதை மரத்தொட்டிகளிற் கடல்நீர் விட்டு அலசினால், கனமான முத்துகள் அடியிற் படியும்.

இரண்டாவது காரணம் அளவு. 1892 முதல் 1902 வரை முத்துக்குளிப்பே நடைபெறாத இக்கடலில், 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறப்பது இயலாத காரியம்.

மூன்றாவது காரணமே நமது கவனத்துக்குரியது. ஒரு கல்லுக்கு இருவராக, ஒருவர் இளைப்பாற மற்றவர் மூழ்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கி உழைத்த குளியாளருக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிடைத்தது சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கையும் அரசு ஆயிரம் ஆயிரமாகத் திறவாமலே ஏலத்தில் விற்றது. உள்ளே முத்து உண்டோ இல்லையோ, அரசின் கையிற் பணம் சேர்ந்துவிடும். 1905இன் வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. நட்டத்தின் அச்சம் முழுவதும் வாங்கிய வணிகனைச் சார்ந்தது. அவன் அதனைக் கூலியாளர் மீதான கண்காணிப்பாக மாற்றினான். ஒவ்வொருவர் கையிலும் கத்தியும் சிப்பியும் இருந்தால் முத்தை ஒளிப்பது எளிது. வேலியடைத்த இடத்தில் அனைவரையும் வரிசையாக அமர்த்தி அலசச் செய்தால் மேற்பார்வை எளிது. அலசுவோர் கையை வாயருகே கொண்டுசெல்லலாகாது என்ற கட்டுப்பாடும் இருந்தது.

இம்முறையின் விலையைச் செலுத்தியோர் உழைப்பாளரே. தாங்கொணாத நாற்றமும், ஈக்கூட்டமும், தற்காலிகக் குடியிருப்பின் நெரிசலும், வாந்திபேதியச்சமும் அவர்களது அன்றாட வாழ்வாயின. இந்நாற்றத்தைச் சுதேசிகளின் அநாகரிகமெனக் கண்டோர், அதனாற் பயனடைந்த திறைசேரியைக் காணத் தவறினர்.

1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகைக்கு 20 ஆண்டுகள் ஒரு பிரித்தானியக் கம்பனியிடம் இக்கடல் ஒப்படைக்கப்பட்டது. 1907க்குப் பின் சிப்பிவளம் குன்றியது. கம்பனியும் தன் காலம் முடியுமுன்பே கலைந்தது. 1925உடன் பெருமளவிலான முத்துக்குளிப்பு ஓய்ந்தது.

எனவே சிப்பியை அழுகவைத்தமை அறியாமையின் விளைவன்று. முத்தின் இயல்பும் இலாபத்தின் கணக்கும் இணைந்து தீர்மானித்த உற்பத்தி முறையே அதுவாகும். ஆணிமுத்தின் ஒளியைப் போற்றும் வரலாறு, தொட்டியருகே அமர்ந்திருந்த அந்த வரிசையையும் எழுதும்போதே முழுமை பெறும்.