ஜோன் என்றொரு பெண் இருந்ததில்லை

இணைய உறவுகளில் ஆள்மாறாட்டம் செய்வோரைக் குறிக்கும் 'கேட்ஃபிஷ்' என்னும் சொல், 2010இல் வெளியான ஓர் ஆவணப்படத்தின் தலைப்பிலிருந்து பரவியது. சொல்லின் வயதையே செயலின் வயதாகக் கொள்ளும் பிழை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி நேர்கிறது. வலைத்தளங்கள் தோன்றுமுன்பே, படமோ குரலோ இன்றி எழுத்து மட்டும் கம்பிவழி ஓடிய காலத்திலேயே இவ்வஞ்சகம் முழுவடிவம் பெற்றுவிட்டது.

அமெரிக்காவின் கம்பியூசெர்வ் நிறுவனம் 1980இல் தொடங்கிய உரையாடல் சேவையில் ஜோன் என்ற பெண் பலருக்கும் நெருக்கமானவர். நியூயார்க்கில் வாழும் நரம்பியல் உளவியலாளர். விபத்தொன்றில் பேச்சிழந்து, உடல் ஊனமுற்று, முகம் சிதைந்தவர். எனவே யாரையும் நேரில் சந்திப்பதில்லை. தொலைபேசியில் பேசவும் இயலாது. அக்காரணத்தை ஐயுறுவது எவருக்கும் கொடுமையாகவே தோன்றியிருக்கும். ஊனமுற்ற பெண்கள் அவரால் ஊக்கம் பெற்றனர். தம் நண்பர் என்று அலெக்ஸ் என்னும் உளவியல் மருத்துவரை அவர் தோழியருக்கு அறிமுகப்படுத்தினார். அந்த அறிமுகம் காதலாக வளர்ந்ததும் உண்டு. ஜோனாக எழுதியவர் அந்த அலெக்ஸேதான். 1985இல் 'மிஸ்' இதழில் லிண்ட்சி வான் கெல்டர் இதனை விரிவாக எழுதினார்.

பின்னர் இதே நிகழ்வைக் கோட்பாட்டாளர் சாண்டி ஸ்டோன் மறுபடி எழுதியபோது ஜோன் 'ஜூலி' ஆனார். மருத்துவரின் பெயரும் மாறியது. ஸ்டோன் தரும் வடிவில் தொடக்கம் ஒரு தற்செயல்: உரையாடலில் எவரோ மருத்துவரைப் பெண்ணென்று கருதிவிட்டார், அவர் திருத்தவில்லை. மொழியியல் மாணவனாக இவ்விடத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். ஆங்கிலத்தின் தன்மை வினை பால் காட்டாது. தமிழிலும் 'வந்தேன்' என்றவர் ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது. அதே மருத்துவர் இந்தியில் எழுதியிருந்தால் 'வந்தேன்' என்ற முதல் வினைமுற்றிலேயே ஆண்பாலோ பெண்பாலோ தெரிந்துவிடும். பொய் சொல்வதா வேண்டாமா என்பதை அப்போதே அவர் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் மௌனமே போதுமானதாயிற்று.

ஆனால் இலக்கணத்தின்மேல் பழிபோட்டு அவரை விடுவித்துவிட முடியாது. விபத்து, ஊனம், பேச்சின்மை ஆகியவை எவர் ஊகத்திலிருந்தும் பிறந்தவையல்ல, அவரே கட்டியவை. தொண்ணூறுகளின் கோட்பாட்டு விவாதங்களில் இந்நிகழ்வு அடையாளத்தின் நெகிழ்ச்சிக்குச் சான்றாக எடுத்தாளப்பட்டது. அவ்வாசிப்பு என்னையும் கவர்ந்ததுண்டு. எனினும் வான் கெல்டரின் கட்டுரையை மூலத்தில் படித்தபோது, ஏமாற்றப்பட்ட பெண்களின் சினமும் துயரமுமே மேலோங்கி நின்றன. தோழியை இழந்த துயரம் அவர்களுக்கு உண்மையானது. அத்தோழி இறக்கவுமில்லை, இருந்ததுமில்லை.

இரு வடிவங்களையும் வேறுபடுத்தாமல் ஜோனின் செய்தியை ஜூலியின் பெயரில் எழுதுவோர் இன்றும் உளர். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலும் அவ்விருவரும் ஒருவராகவே இருந்தனர். இவ்வாரம் அவர்களைப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.