பண்டாரவளைப் புகையிரத நிலையம்

ஊவா மலைநாட்டிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், பண்டாரவளைப் பட்டினத்தின் நடுவே ஒரு சிறிய புகையிரத நிலையம் இருக்கிறது. அவ்வூரின் குளிர்காற்றையும் மலைக்காட்சியையும் புகழ்ந்து எழுதப்பட்டவை பல. ஆயின், இந்நிலையம் யாருக்காகக் கட்டப்பட்டது, யாருடைய உழைப்பால் எழுந்தது, யாருக்கு என்ன பணி செய்தது என்னும் கேள்விகளை அவை எழுப்புவதில்லை. அக்கேள்விகளையே நாம் இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்குச் சென்றது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. குடிமக்களின் பிரயாண வசதியை எண்ணி அரசாங்கம் செய்த தருமம் அன்று இது. கண்டிச் சீமையின் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் வாரக்கணக்காக ஊர்ந்து துறைமுகத்தை அடைவதைப் பொறுக்கமாட்டாத தோட்ட முதலாளிகளின் வற்புறுத்தலே இதற்குக் காரணம். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கோ புகையிரதம் இன்னும் அவசியமாயிற்று. கொய்த கொழுந்தை அன்றன்றே பக்குவப்படுத்த வேண்டும். அதற்குத் தோட்டந்தோறும் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்குரிய கனத்த யந்திரங்கள் மலையேற வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளருக்குக் கடல் கடந்து வந்த அரிசியும் மலையேற வேண்டும். ஆகவே பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் நீண்டது.

இப்பாதை சமவெளிப் பாதைகளைப் போன்று ஐந்தரை அடி அகலமுடைய அகலப் பாதை. பட்டிப்பொலையருகே 6,200 அடிக்கு மேல் ஏறி, மலையைக் குடைந்து மறுபுறம் ஊவாவில் இறங்குகிறது. பாறையை உடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் தமிழகத்திலிருந்து வந்த கூலியாட்களும் இந்நாட்டுக் கிராமத்து ஏழைகளுமே. பொறியியலாளரின் பெயர்கள் ஏடுகளில் நிலைபெற்றுள்ளன. உழைத்தவர்களோ வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சினர்.

1894 முதல் பல ஆண்டுகள் பாதை பண்டாரவளையோடு முடிந்து நின்றது. ஊவாவின் வாசல் இந்நிலையந்தான். பதுளை, பசறைப் பகுதிகளின் சரக்கு மாட்டு வண்டிகளில் மேடேறி இங்கு வந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கின. அரிசியும் உரமும் யந்திரமும் இங்கு வந்து இறங்கின. தபாலும் தந்தியும் புகையிரதத்தோடு வந்தன. துரைமாருக்கு முதல் வகுப்பு. தொழிலாளிக்கு மூன்றாம் வகுப்பு. 1893இலேயே ஐரோப்பியருக்காக இங்கே ஓர் உல்லாச விடுதி எழுந்துவிட்டது. 1900இல் தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் இப்பாதை வழியே அண்டையிலுள்ள தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

நிலையத்தின் பணிமுறையில் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். மலைப்பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரு வண்டிகள் மோதாதிருக்க, ஓர் உலோகத் தகட்டைத் தோற்பையிலிட்டு, வளையத்தோடு சாரதியின் கையில் நிலைய அதிபர் கொடுப்பார். அத்தகடு கைக்கு வராமல் சாரதி அடுத்த நிலையத்தை நோக்கி வண்டியை நகர்த்தக் கூடாது. பிரயாணிகளின் உயிரைக் காத்த நல்ல ஏற்பாடு இது.

ஆனால் இதே பாதையில் வேறொரு தகடும் பிரயாணம் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்தில் ஆள் சேர்க்கும்போதே, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்று தொழிலாளிக்குத் தரப்பட்டது. 'தகர டிக்கட்' என்பது அதன் பெயர். அதைக் காட்டினால் வழியில் உணவு கிடைக்கும். புகையிரதத்தில் இடம் கிடைக்கும். செலவைத் தோட்டத்திடமிருந்து அரசாங்கம் அறவிட்டது. தோட்டமோ பெரும்பாலும் அதைத் தொழிலாளியின் கடன் கணக்கில் ஏற்றியது. முன்னர் காடு வழியே நடந்து வந்து நோயால் மாண்டவர்களை நினைத்தால் இது முன்னேற்றமே. எனினும், விலாசம் ஒட்டிய பொதியைப் போல மனிதன் அனுப்பப்பட்டான் என்பதை நாம் மறக்கலாகாது. தேயிலைப் பெட்டிக்குக் கடன் இல்லை, மனிதனுக்கு இருந்தது.

1924இல் பாதை பதுளையை அடைந்தது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே, இரும்புச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. தெமோதரையில் பாதை குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே ஒரு சுரங்கத்தினூடே செல்கிறது. மனித ஆற்றலின் பெருமைக்கு இவை சான்று என்பதில் நமக்கு ஐயமில்லை. 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், இருப்புப் பாதை நவீனத் தொழில்துறைக்கு முன்னோடியாகும் என்றார். ஆனால் அதன் பலனை மக்கள் அடைய வேண்டுமானால் ஆட்சி மாற வேண்டும் என்றும் அவரே சொன்னார். ஊவாவில் இருப்புப் பாதை தேயிலையைத் தவிர வேறு பெருந்தொழில் எதையும் வளர்க்கவில்லை. ஆட்சி மாறியபோதும் தோட்டத் தொழிலாளிக்குப் பலன் வந்து சேரவில்லை.

வந்தது இதற்கு நேர்மாறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது; அதனைத் தொடர்ந்து அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. யார் எந்நாட்டில் வாழ்வது என்ற தொகையை அம்மக்களைக் கேட்டு எவரும் நிர்ணயிக்கவில்லை.

தேயிலையை ஏற்றியனுப்பிய மலையக நிலையங்களே இப்போது மனிதர்களை ஏற்றியனுப்பின. மலையகத்தில் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பர். தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தகரப் பெட்டியோடும் கம்பளியோடும் ஒரு குடும்பம் வண்டியில் ஏறும். லயத்து மக்கள் மேடையில் நின்று கதறுவர். அக்காள் போக, தங்கை நிற்பாள். பெற்றோர் இலங்கைப் பிரஜைகள். மகன் இந்தியப் பிரஜை. பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டுக் காணாத 'தாயகத்துக்கு' அவர்கள் சென்றனர். ஒரு பகுதியினர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தே கொய்தனர். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இங்கு எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே இறுதியாகப் பிரஜாவுரிமை அளித்தது. சட்டம் செய்த தவறைச் சட்டமே திருத்த 55 ஆண்டுகள் சென்றன!

இன்று தேயிலை லொறியில் கொழும்புக்குச் செல்கிறது. ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்குமிருந்து உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். வரட்டும், அழகை ரசிப்பது குற்றமன்று. ஆயின், அப்பாலத்துக்கு அருகிலுள்ள லயங்களில் வாழ்வோரின் சரித்திரம் அவர்களது கையேடுகளில் இல்லை. நமது பாடநூல்களிலும் போதிய இடம் பெறவில்லை.

ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பியவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் முதுமை எய்திவிட்டனர். ஊவாவின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு விடுமுறை நாளில் அம்முதியோரிடம் செல்லுங்கள். யார் போனார்கள், எந்த ஆண்டு போனார்கள், கடிதம் வந்ததா, எப்போது நின்றது என்று கேட்டு எழுதிவையுங்கள். பண்டாரவளை நிலையத்தின் சரித்திரத்தில் இன்னும் எழுதப்படாத பகுதி அவர்களிடமே இருக்கிறது.