காடி வெட்டிய பட்டையின் கதை

அமெரிக்கப் படைவீரரின் துப்பாக்கியில் டார்ச், லேசர், முன்கைப்பிடி எல்லாம் வரிசையாகக் காடி வெட்டிய ஓர் அலுமினியப் பட்டையில்தான் பூட்டப்படுகின்றன. ரெயில் என்று அழைக்கப்படும் இந்தப் பட்டையின் முன்னோடி வேட்டைத் துப்பாக்கியில் பிறந்தது. டெக்சாஸின் எல் பாசோ நகரில் குறிபார்க்கும் தொலைநோக்கி தயாரித்த வில்லியம் வீவரின் நிறுவனம், அதைப் பொருத்துவதற்கான பட்டையையும் செய்து விற்றது. காடியின் அகலம் 4.57 மி.மீ. ஆனால் காடிக்குக் காடி இடைவெளி இவ்வளவு என்ற கட்டாயம் இல்லை. ஒன்றில் பொருந்தியது இன்னொன்றில் பொருந்தாமல் போனது.

அதற்கு முடிவு கட்டியது நியூ ஜெர்சியின் பிக்காட்டினி ஆயுதக்கூடம். 1995 பிப்ரவரி 3 தேதியிட்ட மில்-எஸ்டிடி-1913 தரநிலை, காடிக்கு அகலம் 5.23 மி.மீ., ஆழம் 3 மி.மீ., நடுவுக்கு நடு 10.01 மி.மீ. என்று வரையறுத்தது. அதன்பின் எவர் செய்த கருவியும் எவர் செய்த பட்டையிலும் ஏற வழி பிறந்தது.

அளவு பொதுவானதும் மலிவுப் பட்டைகளும் சந்தைக்கு வந்தன. கறுப்புப் பூச்சுக்கு மேலே பார்த்தால் மலிவானதும் விலையுயர்ந்ததும் ஒன்றுதான். உலோகத்தின் பெயரும் முழு விடை தராது: 7075-டி6 அலுமினியம் 6061-டி6ஐவிட ஏறத்தாழ இருமடங்கு வலுவானது என்றாலும், பட்டையைத் தாங்கிக் குழலைச் சூழ்ந்திருக்கும் விலையுயர்ந்த முன்காப்புகள் பலவும் 6061இல்தான் செய்யப்படுகின்றன. காசு போவது காடியின் விளிம்பு பிசகாமல் வெட்டுவதற்கும், கடின அனோடைசிங்குக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, குழல் நட்டோடு முன்காப்பு சேரும் இடத்துக்கும். அந்த இணைப்பு அசைந்தால் எல்லாம் வீண். 10 செ.மீ. நீள லேசரின் ஒரு முனை ஒரு தாளின் தடிமனளவு, அதாவது 0.1 மி.மீ. சாய்ந்தாலே 100 மீட்டரில் புள்ளி 10 செ.மீ. விலகிவிடும்.

நாற்புறமும் பட்டை வைத்த முன்காப்பு கனமாக இருந்தது, கையையும் உறுத்தியது. எடையைக் குறைக்க, பட்டைக்குப் பதிலாக முன்காப்பிலேயே துளையிட்டுக் கருவியை மாட்டும் கீமாட் முறை 2012இல் வந்தது, அதே வகையில் மேக்புல் நிறுவனத்தின் எம்-லாக் 2014இல் வந்தது. அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காகக் கிரேன் கடற்படை ஆய்வகம் இரண்டையும் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டது. கருவியைக் கழற்றி மீண்டும் அதே இடத்தில் மாட்டியபோது ஏற்பட்ட சராசரி விலகல் எம்-லாக்கில் 1.3 எம்ஓஏ (கோண நிமிடம்), கீமாட்டில் 4.9 எம்ஓஏ. 100 மீட்டரில் முன்னது 4 செ.மீ.க்கும் குறைவு, பின்னது சுமார் 14 செ.மீ. கீழே போட்டும் இழுத்தும் பார்த்த சோதனைகளிலும் எம்-லாக்கே தாக்குப்பிடித்தது.

ஆகவே, விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பட்டையில் எதை மாட்டப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். டார்ச் சற்றே அசைந்தாலும் வெளிச்சம் விழும். அதற்கு அளவு சரியாக உள்ள மலிவுப் பட்டை போதும். குறி காட்டும் கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே மிச்சம் பிடிக்கும் பணத்துக்கான விலையை, அதை நம்பிச் சுடுபவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.